வன்னியின் அரை மணித்தியாலம்

சுதாஜினி முரசுமோட்டையில் பிறந்தவர். பத்து வயதில் இடம்பெயர்ந்து மல்லாவிக்குப் போய், கிடுகு வேய்ந்த கொட்டில் பள்ளிக்கூடத்தில் படித்தார். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபோது வயது இருபத்துமூன்று. அதன் பிறகுதான் கணினியையே தொட்டார். இப்போது வவுனியாவில், ஆற்று நீர்மட்டப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் அலுவலகம் ஒன்றில் தரவு உத்தியோகத்தர்.

போன வருடம் அந்த அலுவலகத்துக்குப் புதிய வெள்ள எச்சரிக்கை முறை வந்தது. மேல் ஆற்றில் வெள்ளம் உச்சத்துக்கு வந்து எத்தனை மணித்தியாலத்தில் கீழே வந்து சேரும் என்பதைப் பழைய வெள்ளங்களிலிருந்து அது கணக்கிடும். அதற்காகப் பழைய கணினியில் கிடந்த இருபத்தேழு வருடப் பதிவுகளை இறக்கி, புதிய தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். அந்த வேலை சுதாஜினியிடம் வந்தது.

நாள், மாதம், ஆண்டு, மணி எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஏற்றும் கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மார்ச் நான்காம் திகதி ஏப்ரல் மூன்றாம் திகதியாகிவிடும். சுதாஜினி அதையெல்லாம் சரியாகவே கொடுத்தார். ஒரு வரிகூடத் தவறாமல் எல்லாம் ஏறியது.

ஆனால் வெள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. 2006க்குப் பிந்திய வெள்ளங்கள் கீழே வர நான்கு மணித்தியாலம் எடுத்திருந்தன. அதற்கு முந்தியவை மூன்றரை. ஆறு அதே ஆறு, தூரமும் அதே தூரம்.

பொறியியலாளர் வினோதனிடம் காட்டினார். அவர் கொழும்பில் வளர்ந்தவர், சுதாஜினியைவிட இளையவர். அந்தக் காலத்தில் ஆற்றில் மண் அள்ளியிருப்பார்கள், தண்ணீர் வேகமாக ஓடியிருக்கும் என்றார். சுதாஜினிக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று நாள் அந்த அரை மணித்தியாலம் தலைக்குள் நின்றது. நான்காம் நாள் காலை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, வாசலில் அடித்த மணியைக் கேட்டதும் பிடிபட்டது.

1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. போராளிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் அதை ஏற்கவில்லை. 2006இல் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பும்வரை, பத்து வருடம் வவுனியாவில் புதிய நேரம், உள்ளே பழைய நேரம். எல்லையில் இருந்த ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் மாற்றியாக வேண்டும். மல்லாவிப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பழைய நேரத்துக்குத்தான். ஆற்று நீர்மட்டத்தை வாசிக்கும் மேல் அளவுகோல் வவுனியாப் பக்கம் இருந்தது, கீழ் அளவுகோல் உள்ளே. கோப்பிலோ வெறும் மணியும் நிமிடமும்தான். கணினி இரண்டையும் கொழும்பு நேரம் என்றே எடுத்துக்கொண்டது.

அந்த ஞாயிறு பஸ் பிடித்து முரசுமோட்டைக்குப் போனார். அந்த வருடங்களில் கீழ் அளவுகோலை வாசித்த கதிர்காமநாதன் அங்கேதான் வயல் செய்கிறார். வரம்பில் நின்றபடியே சுதாஜினி கேட்டார்.

"ஐயா, நீங்கள் எந்த நேரத்தை எழுதினனீங்கள்?"

"பழைய நேரம்தான் பிள்ளை. என்ர மணிக்கூட்டை நான் ஒருநாளும் மாத்தேல்லை. மழையெண்டாலும் ஷெல்லடியெண்டாலும் ஆறு மணியெண்டா ஆறு மணிக்கு நிண்டனான்."

அதைச் சொல்லும்போது அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

திங்கட்கிழமை சுதாஜினி பதிவுகளை மறுபடி ஏற்றினார். அந்தப் பத்து வருடங்களுக்கும், நேரத்துக்குப் பின்னால் அது எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதினார்: மேல் அளவுகோலுக்கு உலக நேரத்தைவிட ஆறு மணித்தியாலம் கூட, கீழ் அளவுகோலுக்கு ஐந்தரை. பழைய வெள்ளங்களும் நான்கு மணித்தியாலத்துக்கு வந்து நின்றன. வினோதன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வெள்ளமாகப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனா அரை மணித்தியாலம்தானே, கொழும்பில பெரிசா எடுப்பினமோ தெரியாது."

"எடுக்கத்தான் வேணும் சேர். அரை மணித்தியாலம் கிடைச்சா ஒரு வீட்டுச் சனம் மாட்டை அவிட்டு, நெல்லு மூட்டையையும் மேட்டில ஏத்திப் போடும்."

கொழும்புத் தலைமை அலுவலகத்தில் பெரிதாகவே எடுத்தார்கள். அவர்கள் கேட்டபடி சுதாஜினி அதை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினார். வன்னிப் பதிவுகளை ஏற்றும் எவரும் அந்தப் பத்து வருடங்களுக்கு நேரத்தை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று வழிகாட்டியில் ஒரு பந்தி சேர்ந்தது. அடியில் அவருடைய பெயர் இருந்தது.

மார்கழியில் ஆறு பெருகியது. காலை பத்து மணிக்கு மேலே உச்சம். இரண்டு மணிக்கு வெள்ளம் வரும் என்று கீழ்க் கிராமங்களுக்குச் செய்தி போனது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. அதற்குள் சனமும் மாடுகளும் மேட்டில். கீழ் அளவுகோலிலிருந்து நேரத்தைச் சொல்லி அழைப்பு வந்தபோது, வினோதன் முழு அலுவலகத்துக்கும் கேட்கும்படி, "சுதாஜினி அக்கான்ர கணக்குத்தான்" என்றார். சுதாஜினி அந்த நேரத்தைத் தன் கையாலேயே பதிவில் ஏற்றினார்.