நினைத்ததைவிடப் பெரிய கோள்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். தொலைநோக்கி அனுப்பும் படங்களில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் அளப்பது அவள் வேலை. கோள் ஒன்று தன் நட்சத்திரத்தின் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும். எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால், மறைத்தது எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அப்படி அவளுக்கு ஒரு கோள் வாய்த்தது. பூமியைப்போல ஒன்றரை மடங்கு அகலம், பாறையாகவே இருக்கலாம். வாய் சும்மா இராமல் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் மருந்துக்கடைக்காரர் முதல் மாடிவீட்டார் வரை சேதி போய்விட்டது: “என் மருமக இன்னொரு பூமியைக் கண்டுபிடிச்சிருக்கா.”

குழுத் தலைவர் ஆய்விதழுக்கு அறிக்கையை அனுப்பத் தயாராக இருந்தார். அவளோ நீலக் கண்ணாடி வைத்து எடுத்த படங்களையும் சிவப்புக் கண்ணாடி வைத்து எடுத்தவற்றையும் தனித்தனியே அளந்தாள். நீலத்தில் குறைந்த அளவுக்குச் சிவப்பில் வெளிச்சம் குறையவில்லை.

“சார், எந்த நிறத்துல பார்த்தாலும் கோள் ஒரே அளவுதானே மறைக்கணும்?”

“எவ்வளவு வித்தியாசம்?”

“மயிரிழைதான். ஆனா ஒவ்வொரு தடவையும் வருது.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, என்னன்னு நினைக்கிற?”

“பக்கத்துல சிவப்பா இன்னொரு நட்சத்திரம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதோட வெளிச்சமும் கலந்துதான் நமக்கு வருது. சிவப்புல அது அதிகமாக் கலக்கும்; அதனால மறைக்கிறது கம்மியாவும் கோள் சின்னதாவும் தெரியுது.”

வேறோர் இடத்துப் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டுக் காத்திருந்தார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தேகம் பொய்த்தால் அலுவலகம் சிரிக்கும். பலித்தால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது?

படம் வந்தது. நகமும் சதையுமாக இரண்டு நட்சத்திரங்கள். கலந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், கோளின் அகலம் பூமியைப்போல இரண்டு மடங்கு. பாறையாக இருக்க வழியில்லை. தடித்த வாயுப் போர்வைதான் மூடியிருக்கும்.

“நல்லவேளை, அனுப்பித் தொலைக்கல,” என்று தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அறிக்கையைத் திருத்தி, அவள் பெயரை முதலில் போட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள். “அத்தை, அது பூமி மாதிரி இல்லை. நினைச்சதைவிடப் பெரிசு.”

“வளர்ந்திருச்சா?”

“இல்லை அத்தை, முதல்ல எடுத்த அளவுல பிசகு.”

“பெரிசானா நல்லதுதானேம்மா. ஊருல எல்லாரும் மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பாங்க. நீ எலியைத் தேடிப்போய் யானையைப் பிடிச்சிருக்க.”

அவள் சிரித்துக்கொண்டே கைபேசியில் படத்தைக் காட்டினாள். மாமியார் இரண்டு வெள்ளைப் புள்ளிகளையும் உற்றுப் பார்த்தார். “இதுல நம்மது எது?”

“ரெண்டும் நட்சத்திரம் அத்தை. கோள் கண்ணுக்குத் தெரியாது. அது மறைக்கிறது மட்டும்தான் தெரியும்.”

“பார்க்காமலேயா அளவெடுத்த?”

“ஆமா.”

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “அது எப்படி, முதல்லேருந்து சொல்லு,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.