மஞ்சள் மூடியும் பழைய குழிகளும்

எங்கள் வீட்டில் துப்பாக்கி பிடிப்பவள் நான்தான். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டே வயதாகி ஓய்வு பெற்றவள். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. போஞ்சியும் கறிமிளகாயும் போடுகிறோம். குரங்குக் கூட்டம் இறங்கினால் ஒரே காலையில் எல்லாம் போய்விடும். அதை விரட்டுவதற்கென்று என் வீட்டுக்காரருக்கு ஓர் எயார் ரைபிள் கிடைத்தது. அவரோ விசையை அழுத்தும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிற மனுஷன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பிடுங்கிக்கொண்டேன்.

குரங்கைச் சுடுவதில்லை. செவ்வாய்க்கிழமை ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு புதன்கிழமை அவர் ஆட்கள் மேல் குண்டு போட்டால் விளங்குமா? நிலத்தின் மேல் கோடியில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு கம்பு நட்டு அதில் பால்மா டின் மூடியைத் தொங்கவிட்டோம். வீட்டுப் பின்பக்கக் குசினிப் படியில் உட்கார்ந்து நான் அந்த மூடியைச் சுடுவேன். டங்கென்று சத்தம் எழுந்ததும் கூட்டம் காட்டுக்குள் ஓடிவிடும். காலையில் மூடியை மாட்டுவது அவர் வேலை. மாட்டி முடித்து ஓரமாக விலகி நின்று, "தள்ளிட்டேன்" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் விசையில் விரலை வைப்பேன்.

இந்த ரைபிளில் தூரத்தைக் கிட்டே காட்டும் கண்ணாடி எதுவும் கிடையாது. குழாயின் மேல் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முள், அப்பால் மூடி. மூன்றையும் வெறுங்கண்ணால் ஒரே நேரில் பிடிக்க வேண்டும். இளங்கண்ணுக்கு அது பெரிய காரியமில்லை. அறுபதைத் தாண்டிய கண் ஒன்றைத்தான் தரும், மற்ற இரண்டையும் கரைத்துவிடும். முள் தெளிவாக இருந்தால் போதும், மூடி மங்கினால் மங்கட்டும் என்று நானாகவே ஒரு வழி கண்டேன். ஆனால் மங்கின பிறகும் தெரிகிற மூடியல்லவா வேண்டும்! தகரத்தின் வெள்ளி வெயிலில் கண்ணைக் குத்தியது. கறுப்புப் பூசினேன். முள்ளும் கறுப்பு என்பதால் அது மூடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. வெள்ளை பூசினால் பனி இறங்கும் நாளில் மூடியே இல்லை. சிவப்பு காட்டுப் பச்சைக்குள் இருண்டு கிடந்தது. கடைசியில் பெரிய பிஸ்கட் டின் மூடி ஒன்றை எடுத்து, கோயில் வேலையில் மிஞ்சிய மஞ்சள் பெயின்டை அடித்தேன். ஓரம் கலங்கினாலும் வட்டம் வட்டமாகவே தெரிந்தது. கறுப்பு முள் அதன் நடுவில் எடுப்பாக நின்றது. முதல் குண்டே டங்!

அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. யார் வந்தாலும் குறி பார்க்கும் மூடிக்கு மஞ்சள் பூசச் சொன்னேன். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டார் என் பேச்சைக் கேட்டுப் பூசவும் செய்தார்கள். கண்ணுக்குத்தான் வயசு, மூளைக்கு இல்லை என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் பிளேன்டீயை உறிஞ்சியபடி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மஞ்சள் பூசுவதற்கு முன்பே ஒருமுறை பதுளைக்குப் போய் ஒரு கண் டாக்டரிடம் காட்டியிருந்தோம். டாக்டர் சிங்களத்தில் வேகமாகப் பேசினார். என் சிங்களம் சந்தையில் பேரம் பேசப் போதும், அங்கே போதவில்லை. வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர், அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வெளியே வந்ததும் எல்லாம் வயசுக் கோளாறுதான், கேரட் சாப்பிடச் சொன்னார் என்றார். அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று தோன்றியது. ஆனாலும் நம்பினேன். கட்டின புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? மாடு மாதிரி கேரட்டைத் தின்றேன்.

முழங்கால் பிடித்துக்கொண்டதிலிருந்து மேல் பாத்திகளுக்கு நான் ஏறுவதில்லை, அங்கே எல்லாம் அவர்தான். போன மாதம் அவர் போஞ்சி மூட்டையோடு பண்டாரவளைக்குப் போயிருந்தபோது காற்றில் கம்பி அறுந்து மூடி விழுந்துவிட்டது. மாட்டிவிட்டு வரலாமென்று ஒரு தடியை ஊன்றி ஏறினேன். மூச்சு வாங்குவதற்கு முன்பே கம்பு வந்துவிட்டது. நிலத்தின் கோடியில் நிற்க வேண்டிய கம்பு நடுப் பாத்தியில் நின்றது. அதற்குப் பின்னால் காடு வரைக்கும் ஒரே நேராகப் பழைய குழிகள். பக்கத்துக் குழியில் மண் இன்னும் புதிதாக இருந்தது. அதற்கடுத்ததில் மழைத்தண்ணீர். காட்டோரத்துக் குழியைப் புல் மூடியிருந்தது, காலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். என் கண் மங்க மங்க அவர் கம்பைப் பிடுங்கிப் பிடுங்கி முன்னால் நட்டிருக்கிறார். நான் மஞ்சளைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். இத்தனை நாள் மூடியில் பட்டது என் கெட்டிக்காரத்தனத்தாலா, அவர் கம்பாலா? எனக்கே தெரியாதபடி ஆக்கிவிட்டாரே என்று பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்து பையை இறக்குவதற்குள் கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை. சத்தம் கேட்காவிட்டால் உனக்கு மனசு விட்டுப்போகும், அதனால்தான் என்றார். மனசு விடும் அளவுக்கு என் கண்ணில் என்ன இருக்கிறது, அன்றைக்கு டாக்டர் என்னதான் சொன்னார் என்று கேட்டேன். பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"வலது கண்ண சீக்கிரமா ஆப்பரேஷன் பண்ணணும்னாரு புள்ள. தள்ளிப்போட்டா பார்வை திரும்பும்னு சொல்ல முடியாதாம்."

அவருடைய அக்கா கண் ஆப்பரேஷனுக்குப் பிறகு பார்வை இல்லாமலே இருந்து செத்தவர். அந்தப் பயம் என்றார். பயப்படட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை.

"பயம் உங்களுக்குங்க. கண்ணு எனக்கு" என்றேன்.

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. கம்பை நகர்த்தியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். டாக்டர் எனக்குச் சொன்ன வார்த்தையை என்னிடம் தராமல் கேரட்டைத் தந்தாரே! மறுவாரம் அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரியோடு பதுளைக்குப் போனேன். ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. முன்பே வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்த மறுநாள் காலை, நான் சொல்லாமலே அவர் கம்பைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய்க் காட்டோரத்துப் பழைய குழியிலேயே நட்டார். நான் படியில் உட்கார்ந்து ரைபிளைத் தூக்கினேன். முள் தெளிவாக நின்றது. அதற்கப்பால் பச்சைக்குள் மஞ்சளாக ஏதோ ஒரு கசிவு. வட்டம்கூட இல்லை.

"தள்ளிட்டேன்" என்று மேலிருந்து குரல் வந்தது.

எந்தப் பக்கம் தள்ளினார் என்று தேடினேன். இதற்கு முன்னால் ஒருநாளும் தேடியதில்லை, குரல் வந்தால் போதும், சுட்டுவிடுவேன். இப்போது கம்பும் தெரியவில்லை, மனுஷனும் தெரியவில்லை.

"தள்ளிட்டேன் புள்ள, சுடு" என்றார் மறுபடியும்.

விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.