எண்பதிலிருந்து நூறு வரை

அந்தச் சார்ஜிங் நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நூறக்கா. வயதைப் பார்த்து வைத்த பெயர் அல்ல, அவளுக்கு நாற்பத்து மூன்றுதான் ஆகிறது. மற்ற டாக்சிக்காரர்கள் எல்லாரும் பாட்டரி எண்பது சதவீதம் வந்ததும் பிளக்கை எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் நூறு வரும்வரை நகரமாட்டாள். எண்பதுக்கு மேல் மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். முதல் எண்பதுக்கு அரை மணி நேரம் என்றால் கடைசி இருபதுக்கு அதைவிட அதிகம். பின்னால் மூன்று வண்டிகள் வெயிலில் நிற்கும்போது அப்படி உட்கார்ந்திருப்பவளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். அதில் நேரில் கூப்பிடக்கூடியது நூறக்கா மட்டும்தான்.

“டம்ளரைக் கவுத்துக் கடைசிச் சொட்டையும் குடிச்சிட்டுத்தான் எந்திரிப்பீங்களாக்கா?” என்பான் விமான நிலையத்துக்கு ஓட்டுகிறவன்.

“காசு குடுக்கறேன்ல தம்பி, டம்ளரையும் சேத்து எடுத்துட்டுப் போவேன்.”

பக்கத்து இருக்கையில் அவள் கணவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

அவளுக்கு எதற்கு நூறு என்பதைச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் வீட்டுக் கட்டிலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து நான்குக்கு வண்டியை எடுக்கிறாள். பகல் ஒரு மணிக்கு அதை நிலையத்துக்குக் கொண்டுவருகிறாள். கணவர் பஸ்ஸில் வந்து அதே வண்டியை வாங்கிக்கொண்டு போய், ராத்திரி வேறோர் இடத்தில் இன்னொரு முறை சார்ஜ் போட்டு, நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறார். அவர் வந்து படுக்கும்போது அவள் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பாள். அவள் எழும்போது அவர் அப்படி. “எங்க வீட்ல கட்டிலுக்குக்கூட ஷிப்ட்” என்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கிளம்பும்முன் அவர் கால்மாட்டில் சுருண்டு கிடக்கும் போர்வையை இழுத்து அவர் தோள்வரை மூடிவிட்டுப் போவாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. அவள் பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையில் பில் போடும் கவுன்ட்டரில் இருந்தாள். அவர் இருபது வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். சொந்த வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டதன் பலன்தான் இந்த மின்சாரக் கார். மாதத் தவணையைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது, ஒருவர் ஓட்டினால் கட்டாது. ஆள் வைத்தால் மிஞ்சாது. அவள் கவுன்ட்டரை விட்டுவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள். கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும் சொன்னாள், “இனிமே உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்னா சார்ஜ் போடற எடத்துக்குத்தான் வரணும்போல.”

உண்மையும் அதுதான். நிலையத்தில் அப்போது ஒரு பழைய இயந்திரம் இருந்தது. பீரோ அளவு உயரம், உறுமிக்கொண்டே இருக்கும், எண்பது வருவதற்கு ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். டிரைவர்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்து, தினமும் திட்டினார்கள். அவளும் கூடச் சேர்ந்து ஒப்புக்குத் திட்டினாள். அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் அவள் குடும்ப வாழ்க்கை. இருக்கைகளைப் பின்னுக்குத் தள்ளி ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். மகள் எந்தப் பாடம் எடுப்பது என்பதை அங்கேதான் முடிவு செய்தார்கள். சண்டையையும் ஒத்திப்போட்டு அங்கே வந்துதான் போட்டார்கள். ஒருநாள் அவர் கட்டைவிரல் நகம் பிளந்திருப்பதைப் பார்த்து, டாஷ்போர்டில் கிடந்த நகவெட்டியால் பத்து விரலையும் வெட்டிவிட்டாள். பின்னால் நின்றவன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நாலு நாள் கிண்டல் செய்தான்.

சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் ஓரமாக நிறுத்தி உட்காரலாமே என்று கேட்கலாம். முடியாது. டாக்சி கம்பெனியின் கணக்கு அப்படி. பகல் ஒன்றரைக்குள் வண்டி சவாரிக்குத் தயாராக வராவிட்டால் அன்றைய மாலை ஊக்கத்தொகை போய்விடும். வண்டி சார்ஜில் நிற்கிறது என்று செயலி காட்டினால் மட்டும் விதிவிலக்கு. அந்த ஊக்கத்தொகையை நம்பித்தான் தவணையே ஓடுகிறது.

அப்புறம் ஆமையைத் தூக்கிவிட்டு இரண்டு புதிய இயந்திரங்களை வைத்தார்கள். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் அவர் வாசலில் நின்று, “ஏறு ஏறு, அரை மணில எறங்கணும்” என்று வரவேற்றார். டிரைவர்கள் கைதட்டினார்கள். அன்று அவள் கணவர் வழக்கம்போல ஒன்று பத்துக்கு வந்து சேர்ந்தபோது திரையில் நாற்பத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவில் பாதி தீருவதற்குள் எண்பது.

“நல்லதுதானே. நீ சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்” என்றார் அவர்.

“ஆமாங்க” என்றாள்.

மறுநாளிலிருந்து அவர் ஒரு பஸ் முன்னதாக வர ஆரம்பித்தார். அவள் வந்து சேரும்போதே வாசலில் நிற்பார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. “அந்த பஸ்ல கூட்டம் இல்ல” என்று அவராகவே சொன்னார்.

அப்போதுதான் அவள் நூறு வரை போகத் தொடங்கினாள். ஆறு வாரம் ஓடியது. வரிசையில் முணுமுணுப்பு சத்தமாக மாறியது. கண்டக்டர் இரண்டு முறை வந்து கண்ணாடியைத் தட்டினார். “ஏம்மா, பஸ்ல எடம் இருந்தா உக்காரு, வேணாங்கல. வெளிய மூணு பேரு தொங்கறாங்க பாரு.” அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. அந்த மூன்று பேருக்கும் தவணை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் மறுநாளும் நூறுவரை உட்கார்ந்தாள்.

கடைசியில் நிலையத்தை நடத்தும் கம்பெனியே ஒரு வழி பண்ணியது. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை இயந்திரம் எண்பதில் தானே நின்றுவிடும். நின்ற பிறகும் பிளக்கை எடுக்காவிட்டால், ஐந்து நிமிடம் கழித்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று பணம் பிடிக்கும். அதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

அவள் அதை வாசித்துவிட்டுக் கணவரிடம் சொன்னாள். “பாத்தீங்களா, புருஷனோட உக்கார நிமிஷத்துக்கு என்ன ரேட்டுன்னு போர்டு போட்டுட்டாங்க.”

“நம்ம ரேட்டு கொஞ்சம் ஜாஸ்திதான்” என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே.

ஒரே ஒருநாள் அந்த விலையைக் கொடுத்தும் பார்த்தாள். ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் இருவரும் திரையில் ஏறும் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எண்பது வந்ததும் பிளக்கை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தோன்றிய யோசனை, யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடியதல்ல. மேல் பக்கத்தை அடைத்துவிட்டார்கள், சரி. கீழ்ப் பக்கம் திறந்துதானே இருக்கிறது? பதினைந்து சதவீதத்தோடு வருவதற்குப் பதில் ஐந்தோடு வந்தால், எண்பதுக்கு இன்னும் நாலைந்து நிமிடம் கூட ஆகும். காலைச் சவாரிகள் முடிந்ததும் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மேம்பாலத்தில் ஏறி இறங்கினாள். மின்சாரத்தைக் காற்றில் விட்டு, அதே மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்கினாள். நிலையத்துக்குள் நுழையும்போது திரையில் ஐந்து என்று சிவப்பில் மினுங்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் மற்ற டிரைவர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஊர்ந்து வருவார்கள். அவளுக்கு மனசு நிறைந்திருக்கும்.

மூன்று வாரம் இது நடந்தது. நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, நிலையத்துக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு கிடங்கின் நீண்ட மதில் ஓரமாக வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிட்டது. நான்கு காட்டிக்கொண்டிருந்த திரை ஒன்றுகூடக் காட்டாமல் அணைந்தது.

உதவி எண்ணுக்குப் பேசினாள். நடமாடும் சார்ஜர் வேன் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள். அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். வந்து, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார்.

“இன்னிக்கு ஊக்கத்தொகை போச்சு” என்றாள்.

“போச்சு.”

“கணக்குத் தப்பிடுச்சுங்க.”

“உனக்கா? பதினோரு வருஷம் ஒரு ரூபா பிசகாம பில் போட்டவ.” அவர் டப்பாவைத் திறந்தார். “நான் ஏறறப்போ ஏ.சி. முழு வேகத்துல வெச்சபடி இருக்குது. மூணு வாரமா. பின்சீட்ல மேம்பாலத்துத் தூசி. யாருக்கு ஏ.சி. போடறே, கண்ணாடியத் தொறந்து வெச்சுகிட்டு?”

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. “தெரிஞ்சா ஏன் கேக்கல?”

“கேட்டா நிறுத்திடுவே.”

டப்பாவின் ஒரு பக்கத்தை அவர் நகர்த்தி வைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தும் நேரம் இருந்தது. இயந்திரம் எண்பதில் நிற்க ஆரம்பித்த பிறகு இப்படி ஒருநாள் வாய்த்ததில்லை. மகளைப் பற்றிப் பேசினார்கள். கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பேசினார்கள். அவர் முந்தின இரவு ஏறிய ஒரு பயணி, வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்து, இறங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டதைச் சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்புறம் அவர் கைப்பேசியை எடுத்துச் செயலியைத் திறந்து, வரைபடத்தை அவள் பக்கம் நீட்டினார். ஊரின் மறு ஓரத்தில், ஒரு நூலகத்தின் வாகன நிறுத்தத்தில், ஒரு பச்சைப் புள்ளி.

“மெதுவாப் போடற சார்ஜர். ரெண்டு இருக்கு. எண்பதுல நிக்காதாம். வரிசையே இருக்காது, யாருக்கும் வேண்டாம்.”

“நிரம்ப எவ்ளோ நேரமாகும்?”

“அஞ்சு மணி நேரம்.”

அவள் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் இரண்டு மரங்களும் ஒரு நீளமான பெஞ்சும் தெரிந்தன. “எப்பப் பாத்தீங்க இத?”

“போன மாசம். ராத்திரி சவாரிக்கு நடுவுல.”

“அஞ்சு மணி நேரம் என்ன பண்றது?”

“எனக்கு என்ன தெரியும்? நீ பேசு, நான் தூங்கறேன்.”

“தவணை இன்னும் எத்தன மாசம்?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

“பத்தொன்பது.”

“அது முடிஞ்சதும் போலாங்க.”

“போலாம்” என்றார். சட்டென்று, யோசிக்காமல். பிறகு கைப்பேசியை வாங்கிக்கொள்ளாமல் அவள் மடியிலேயே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது, அது எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் அவர் வாய் லேசாகத் திறப்பது மட்டும் மாறவில்லை. இரண்டு மணி நேரம் என்றார்களே, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வேன் வந்துவிட்டது. ஐம்பது நிமிடம்கூட ஆகவில்லை.

வேன்காரர் உற்சாகமாக இறங்கினார். “பக்கத்துலயே ஒரு வேலை முடிஞ்சுதும்மா, உங்க அதிர்ஷ்டம். பத்து நிமிஷம் போட்டா நிலையம் வரைக்கும் போயிடலாம்.”

“மெதுவாப் போடுங்க” என்றாள் அவள். “தூங்கறாரு.”

வேன்காரர் அவளை ஒருமாதிரி பார்த்தார். அவரிடம் மெதுவாகப் போடுகிற இயந்திரம் இல்லை. பத்து நிமிடத்தில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் பதினைந்தோடுதான் நிலையத்துக்கு வருகிறாள், எண்பதில் பிளக்கை எடுக்கிறாள். வரிசையில் நிற்கிறவர்கள் அவளைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கணவர் வண்டியோடு வெளியேற, அவள் பஸ் ஏறுகிறாள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கைப்பேசியில் அந்த வரைபடத்தைத் திறக்கிறாள். நூலகம், இரண்டு மரம், இரண்டு சார்ஜர், இரண்டும் காலி. தினமும் பார்க்கிறாள். காலியாக இருப்பதைப் பார்த்தால் யாரோ தங்களுக்காகப் பூட்டி வைத்திருக்கும் வீடுபோல இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை, அந்த இரண்டில் ஒன்று சிவப்பாகியிருந்தது. யாரோ வந்திருக்கிறார்கள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு அடுத்ததில் இறங்கினாள். வீட்டுக்கு வந்து துணியை ஊற வைத்துவிட்டுப் பார்த்தாள், சிவப்பு. மகள் கல்லூரியிலிருந்து வந்தபோது பார்த்தாள், சிவப்பு. படுக்கப் போகும்முன், வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போது பார்த்தாள். பச்சையாகியிருந்தது. கணக்குப் போட்டாள். யாராக இருந்தாலும், முழுதாக ஐந்து மணி நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.