செங்கல் சுமக்காத லாரி

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை எங்கள் மருத்துவ உதவிச் சங்கம் ஏலத்தில் எடுத்தது. நான் அப்போது சங்கத்தின் காரியதரிசி, பி.ஏ. முடித்து மயிலாப்பூரில் பெற்றோருடன் இருந்தவள். லாரி எதற்கு என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. அடையாற்றுக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களுக்குச் சாலை கிடையாது. முந்தைய மழைக்காலத்தில் ஒரு குப்பத்துப் பெண்ணைப் பிரசவ வேதனையோடு கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மணலில் சுமந்து வந்தார்கள். பாலத்தை அடைவதற்குள் குழந்தை போய்விட்டது. அவள் மறுபடியும் கருவுற்றிருந்தாள். இந்த முறை அவளை லாரி கொண்டுவர வேண்டும்.

சங்கத் தலைவருக்கு வேறொரு எண்ணமும் இருந்தது. அவர் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். ஈகை மனம் உடையவர், அதை நான் மறுக்கமாட்டேன். வாரத்தில் பாதி நாள் லாரி செங்கல் ஏற்றட்டும், அந்த வாடகையில் நாங்கள் நடத்திவந்த மாலை மருந்தகம் நடக்கட்டும் என்றார். அதற்கான மாற்றங்களையும் அவரே தீர்மானித்துவிட்டார். பாரம் தாங்கும் பின்பக்க வில்பட்டைகளோடு இன்னும் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு இரட்டை டயர். முன்சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும்படி அமைந்த ராணுவ அச்சைக் கழற்றிவிட்டுச் சாதாரண அச்சு, பெட்ரோல் மிச்சமாகுமாம்.

கச்சேரி ரோட்டில் பட்டறை வைத்திருந்த உருது பேசும் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன்.

"செங்கலுக்கு ஷோக்கா இருக்கும்மா. மணல்ல இறங்கினா ரெட்டை டயரு குழி தோண்டிக்கினு அங்கேயே குந்திக்கும்."

"மணலுக்குன்னா?"

"ஒத்தை டயரு, நல்லா அகலமா. காத்தைக் கொஞ்சம் இறக்கி விடணும். முன்னச்சுல கை வெக்கக் கூடாது. பட்டையைக் குறைக்கணும், அப்புறம் லோடு தாங்காது. ரெண்டுக்கும் இதே வண்டி போதும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க."

பிறர் சொல்லை மட்டும் நம்பித் தீர்மானிப்பது என் வழக்கமில்லை. லாரியை இருந்தபடியே கடற்கரைக்கு ஓட்டச் சொல்லிவிட்டு, பின்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒருத்தி துணைக்கு வந்தாள்; குழந்தையை இழந்தவளின் தாய் அவள். காலி வண்டியின் கனத்துக்கு அந்தப் பட்டைகள் வளைந்து கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் என் முதுகு எழும்பிப் பலகையில் அறைந்தது.

"இன்னாம்மா, உசுரோட கீறியா?" என்றாள் அவள். "என் பொண்ணு இதுல வந்தா, புள்ள பாலத்தாண்ட வர்றதுக்குள்ள தானா எகிறிக் குதிச்சுரும். டாக்டரே வோணாம்."

இருவரும் சிரித்தோம். எனக்கு அன்றே முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் அதன் விலையை யோசித்தேன். செங்கல் வாடகை இல்லாவிட்டால் மருந்தகம் மூடப்படும். அங்கே வருபவர்களும் ஏழைகளே. ஆனால், அவர்களுக்கு நடந்து போகும் தொலைவில் இன்னோர் ஆஸ்பத்திரி இருந்தது. மணலில் துடிப்பவளுக்கு இல்லை. செங்கல் ஏற்றும் நாளாகப் பார்த்துப் பிரசவ வலி விலகி நிற்கவும் போவதில்லை.

முன்னச்சு அப்படியே இருந்தது. அகலமான ஒற்றை டயர்கள் ஏறின. பக்கத்துக்கு மூன்று பட்டைகளை மெக்கானிக் கழற்றினார்.

"இதைப் பத்திரமா வெக்கிறேன். வேணும்னா நாளைக்கே திரும்ப மாட்டிடலாம்."

"வேண்டாம். கொல்லர்கிட்ட குடுத்துடுங்கோ. குப்பத்துப் பொம்மனாட்டிகளுக்கு மீன் நறுக்க அரிவாள்மணை அடிச்சுத் தரட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, இது ரிப்பேர் இல்லை. கலகம்."

"ஆமாம்," என்றேன்.

ஒரு வாரத்துக்குள் தலைவர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, லாரிய இப்படி நொண்டியாக்கி வச்சிருக்கிய? யாரைக் கேட்டுச் செஞ்சிய?"

"அதுல படுத்துண்டு போகப்போறவாளைக் கேட்டேன்."

"கழத்தின பட்டையெல்லாம் எங்க?"

"பட்டினப்பாக்கத்துல வஞ்சிரம் நறுக்கிண்டிருக்கு."

"காரியதரிசி பதவிய இன்னைக்கே பறிச்சிருவேன், பாத்துக்கிடுங்க!"

"பறிச்சுக்கோங்கோ. யாரைக் காரியதரிசியா வச்சாலும் இந்த வண்டி செங்கல் சுமக்காது."

கமிட்டி கூடி என்னை நீக்கியது. லாரியை விற்றுவிடவும் பார்த்தார்கள். பாரம் தாங்காத லாரியை வாங்க யாரும் முன்வரவில்லை. வேறு வேலைக்கு உதவாததால் அது குப்பங்களுக்கே ஓடியது. மருந்தகம் மூடப்பட்டது. பூட்டிய அதன் கதவின் முன் இருமிக்கொண்டு நின்ற ஒருவரை ஒரு மாலை பார்த்தேன். அந்தப் பொறுப்பு என்னுடையது. அதை யார் தலையிலும் நான் கட்டியதில்லை. அதற்காக முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

பிறகு ஒருநாள் காலை, பட்டினப்பாக்கத்துக்காரி மீன் கூடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மீன் வாடை பட்டதும் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

"பொம்பளப் புள்ளம்மா! வண்டி தூளி கணக்கா வந்துச்சு. வலி மட்டும் இல்லைன்னா எம்பொண்ணு தூங்கியே இருப்பா."

படியிறங்கி அவள் அருகில் போனேன். பிறகு, "என்னைச் சங்கத்துலேர்ந்து நீக்கிட்டா, தெரியுமோ?" என்றேன்.

"அதுக்கு இன்னா இப்போ? வண்டி கீதில்ல?"

எதிர்வீட்டு ஜன்னல் லேசாகத் திறந்தது. நான் அவளைக் கூடையோடு உள்ளே அழைத்தேன்.