முழுப் பாத்தி

என் அம்மா ராயபுரத்தில் கீரை விற்கிறார். மணலி புதுநகரைத் தாண்டி, குத்தகை நிலத்தில் முளைக்கீரை போட்ட ஒரு விவசாயியிடம்தான் பல ஆண்டுகளாக வாங்கிவந்தார். கட்டுக்கு இவ்வளவு என்று அவர்கள் பேசியதில்லை. பாத்தியாகவே பேசி முடிப்பார்கள். விலை குறைவுதான். ஆனால் பூச்சி அரித்ததையும் சேர்த்து அம்மாவே பிடுங்கி எடுத்து வந்துவிடுவார். ஓட்டைக் கீரையை யாராவது குறை சொன்னால், "பூச்சியே தின்னுட்டு உசுரோட கீது, உனுக்கு இன்னா?" என்பார்.

சென்ற ஆண்டு, இடைத்தரகர் இல்லாமல் நியாயமான விலைக்கு வாங்கும் அமைப்பு ஒன்று அந்த விவசாயியைத் தேடி வந்தது. சமூகப்பணி படித்தவள் என்பதால் இடைத்தரகர் என்ற சொல் எனக்குப் பாடமாகவே தெரியும். அது எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை.

விவசாயி எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கே வந்தார்.

"குத்தகைய ஏத்திட்டாங்கக்கா. இவங்க டபுளா தராங்க. இது இல்லன்னா நெலத்த வுட்டுடணும்."

"போ நைனா. நானா இருந்தாலும் போவேன்" என்றார் அம்மா. சில நாட்களிலேயே மாதவரம் பக்கம் வேறொருவரிடம் பாத்தி பேசிவிட்டார்.

அமைப்பு சொன்ன விலையைத் தவறாமல் கொடுத்தது. ஓட்டையில்லாத கீரைக்கு மட்டும். மழைக்குப் பின் பூச்சி இறங்கியபோது பாத்தியில் கால்வாசிகூடத் தேறவில்லை. முளைக்கீரை காத்திருக்காது, தண்டு முற்றிப் பூத்துவிடும். அவர் மீண்டும் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மிச்சத்த எடுத்துக்கோக்கா. நீ சொல்றதுதான் வெல."

"நல்லத அவங்க பொறுக்கினு போனப்புறமா?"

"ஆமாக்கா."

"நல்லது கலந்தாதான் நைனா ஓட்ட விக்கும். வெறும் ஓட்டைய எவ வாங்குவா? முழுப் பாத்தி குடு, வரேன்."

"நல்லத வெளிய விக்க மாட்டேன்னு அவங்களாண்ட சொல்லிகீறேனே."

"அப்போ அவங்களையே எடுத்துக்கச் சொல்லு. மாதவரத்தாண்ட ஒருத்தன் என்ன நம்பி பாத்தி போட்டுகினு குந்திகீறான். அவன வுட்டுட்டு வரவா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அம்மா சொன்னதில் தவறு தேடினேன், கிடைக்கவில்லை. அமைப்பும் வாக்கை மீறவில்லை. அதன் வாடிக்கையாளர்கள் ஓட்டைக் கீரையைத் தொடமாட்டார்கள், அவ்வளவுதான். முன்பு அம்மாவும் அம்மாவிடம் வாங்கியவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்ட பூச்சி, இப்போது முழுவதும் அந்த ஒருவருக்கே மிஞ்சியது. நியாயமான விலை என்பதை அன்று முதல் என்னால் சந்தேகமில்லாமல் உச்சரிக்க முடியவில்லை.

பூத்த பாத்திகளில் விவசாயி ஆடுகளை விட்டார். அடுத்த குத்தகையை அவரால் கட்ட முடியவில்லை. நிலத்துக்காரர் அங்கே கன்டெய்னர் லாரிகளை நிறுத்த இடம் கொடுத்துவிட்டார். அந்த இடத்தின் கேட்டில் விவசாயி இப்போது வாட்ச்மேனாக இருக்கிறார். அமைப்பு வேறு ஊர் விவசாயிகளிடம் போய்விட்டது. அங்கே பூச்சி குறைவாம்.