பாவாடை போட்ட மெக்கானிக்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊரில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷினைப் பழுது பார்த்துப் பிழைப்பது கொஞ்சம் வெட்கங்கெட்ட தொழில்தான். “நம்ம ஆத்துத் தண்ணிக்கு மெஷினாவே?” என்று கேட்டுக்கொண்டேதான் கதவைத் திறப்பார்கள். அந்த மெஷினை ஆசையாக வாங்கிச் சுவரில் மாட்டியவர்களும் அவர்கள்தான் என்பதை நாம் வாய் திறந்து சொல்லக்கூடாது. கொரியர், கேஸ், கேபிள் என்று வீடு வீடாக மணி அடித்துப் பிழைக்கிற அண்ணாச்சிமாருக்கு இந்தப் பாடெல்லாம் தெரிந்ததுதான். நான் பட்டதில் ஒரு கூடுதல் சங்கதி உண்டு. அந்த மணியை நான் பாவாடை போட்டுக்கொண்டு போய் அடித்தேன்.

சைலன்சரும் நாடாவும்

கொக்கிரகுளம் பக்கம் மணலில் வண்டி சறுக்கி, நான் கீழே, வண்டி என் மேலே. கொதிக்கிற சைலன்சர் வலது காலில் முட்டிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் ஒட்டினார்கள். புண் நன்றாக ஆறும்வரை பேண்ட் உரசக்கூடாது என்றார் டாக்டர். கட்டிலில் கிடந்தது போதும் என்று வேலைக்குக் கிளம்பியபோதுதான் சிக்கல் தெரிந்தது. கைலியை எங்கள் பக்கம் சாரம் என்போம். கம்பெனியில் சாரம் கூடாது. அரைக்கால் சட்டையும் கூடாது. வேட்டி கட்டலாம்தான். ஆனால் ஸ்டூலில் ஏறி இரண்டு கையாலும் மெஷினைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது வேட்டி நழுவினால் அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும்.

என் மனைவி மெர்சி வீட்டிலேயே நைட்டியும் பாவாடையும் தைத்துக் கொடுப்பவள். கம்பெனி கொடுத்த கருநீல யூனிபார்ம் துணியை எடுத்து, கணுக்கால் வரைக்கும் ஒன்று தைத்துவிட்டாள். இடுப்பில் நாடா, பக்கத்துக்கொரு பெரிய பை, ஸ்பேனர் போட உள்ளே ஒரு பை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். “இது பாவாடைல்லா மெர்சி?” என்றேன். அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “பாதிரியார் போட்டா அங்கி, நீங்க போட்டா பாவாடை. பேசாம நாடாவ இறுக்கிக் கட்டுங்க.”

வண்ணார்பேட்டை சிக்னலில்

முதல் நாள் காலையிலேயே சிவப்பு விளக்கு விழுந்தது. மொபெட்டில் காலை ஊன்றி நின்றேன். பக்கத்தில் நின்ற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து ஜன்னலோரம் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பஸ்ஸே என் பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். லைசென்ஸ் இருந்தது. ஹெல்மெட் தலையில் இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு என்னை ஒரு சுற்று. “துணி சக்கரத்துல சிக்காதாவே?” என்றார். “சேலை கட்டிக்கிட்டுப் பொம்பளையாளுங்க ஓட்டுதாங்கள்லா சார்?” என்றேன். சக்கரத்தை ஒருதரம் குனிந்து பார்த்தார். கடைசியில் லைசென்ஸை என் கையில் கொடுத்துவிட்டு, மனசில்லாமல் சொன்னார்: “எல்லாம் சரியாத்தான்வே இருக்கு. ஆனா எங்கனயோ தப்பா இருக்கு. போவும், போவும்.”

பெருமாள்புரத்துச் சட்டம்

பெருமாள்புரத்தில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வீடு. கேட்டைத் திறக்கும்போதே அவர் கண் கீழே போய்விட்டது. வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். “கீழ என்னவே கட்டியிருக்கீரு?” என்றார். காலில் புண் என்று சொன்னேன். “புண்ணு கிடக்கட்டும். வேட்டி கட்டலாம்லா?” “சார் கட்டியிருக்கதும் கால் வரைக்கும் ஒரே துணி, நான் போட்டிருக்கதும் கால் வரைக்கும் ஒரே துணிதான சார்?” என்று பணிவாகத்தான் கேட்டேன். “நான் சுத்தியிருக்கேன். நீரு தைச்சிருக்கீரு.” “சாரமும் மூட்டித்தான சார் இருக்கு?” “மூட்டுதது வேற, தைக்கிறது வேற!” என்றார். கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற குரல். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நான் அடுக்களையில் உட்கார்ந்து, என் பைகளிலிருந்து ஸ்பேனர், டேப், டார்ச், செல்போன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார். குனிந்தபோது அவர் மடியில் செருகியிருந்த போன் வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சுத்துனா ஆம்பள, தைச்சா பொம்பள. அதுல மாத்தமே கிடையாது. ஆனா அந்தப் பை நல்லாருக்குவே.”

உவரிக் காற்று

உவரியில் கடலோரம் ஒரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ஊருக்குள் பாவாடையால் எனக்கு வந்த சங்கடம் எல்லாம் மனுஷனால் வந்தது; உவரியில் காற்றால் வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினேனோ இல்லையோ, பாவாடை குடை மாதிரி எழும்பிவிட்டது. ஒரு கையில் டூல்ஸ் பெட்டி, இன்னொரு கையில் ஃபில்டர். அங்கே மீன் ஏலம் முடிந்து, கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரித்த சிரிப்பில் கடலலை கேட்கவில்லை. நான் சுவரோடு ஒட்டிப் பல்லி மாதிரி நின்றுவிட்டேன்.

அவர்களில் ஒருத்தி மட்டும் எழுந்து வந்தாள். பேர் செலஸ்டின் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளைப் பிடுங்கினாள். வலை தண்ணீருக்குள் நேராக இறங்குவதற்கு ஓரத்தில் கோத்திருப்பார்களே, அந்தக் குண்டுகள். என்னைப் படியில் உட்காரச் சொல்லி, பாவாடையின் கீழோர மடிப்புக்குள் அதையெல்லாம் நுழைத்து, வலை ஊசியால் தைத்துவிட்டாள். எழுந்து நின்றேன். துணி அசையவில்லை. “ரொம்ப நன்றிக்கா” என்றேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “காத்து எங்களுக்கு வயசுக்கு வந்த நாள்லருந்து பழக்கம். ஆம்பளையில ஒருத்தனுக்காவது இன்னைக்குத் தெரிஞ்சுதே, அது போதும்.”

மேனேஜரின் வேண்டுதல்

யாரோ ஒரு வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போன் செய்து, இப்படி ஒரு கோலத்தில் ஆளை அனுப்புகிறீர்களே என்று கேட்டுவிட்டார். மேனேஜர் பிரவீன் கூப்பிட்டனுப்பினார். கோயம்புத்தூர்ப் பையன், என்னைவிட ரொம்பச் சின்னவர், நல்ல மாதிரி. நான் உள்ளே போனதும் அவர் பாவாடையைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது. காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். கைலி கூடாது, அரைக்கால் சட்டை கூடாது என்றுதான் விதியில் இருக்கிறது. இதைப் பற்றி எழுதவே யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் மேலே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்றார்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் ஜெனி, வீட்டு வாடகை எல்லாம் கண்முன் வந்தது. நாடா அவிழாமல் முட்டிவரை தூக்கிக் காலைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆறுகிற வரைக்கும் போடலாம், ஆறின மறுநாள் பேண்ட் என்று முடிவாயிற்று. வாசல்வரை வந்து, என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “உங்க கால் சீக்கிரம் ஆறணும்னு மருதமலை முருகன்கிட்ட நானே வேண்டிக்கறனுங்ணா.”

கலர் விவகாரம்

சேரன்மகாதேவியில் ஒரு அரசாங்க குமாஸ்தா வீடு. நான் மெஷினைக் கழற்றியதிலிருந்து அவர் என் பின்னாலேயே நின்றார். மனைவியைக் காபி போட அனுப்பிவிட்டு என் பக்கத்தில் குந்த முயன்றார். குந்த முடியவில்லை; முகத்தைச் சுளித்து எழுந்துவிட்டார். பையப் பைய விஷயத்தைச் சொன்னார். மூலத்துக்கு ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது. நாள் முழுக்கப் பேண்ட் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து உயிர் போகிறது. வேட்டி கட்டிக்கொண்டு ஆபீஸ் போனால், எந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று கேட்கிறார்கள்.

“அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு உங்க வீட்டுல தைச்சுத் தருவாங்களா? வீட்டுக்குள்ள மட்டும்தான். கதவச் சாத்திக்கிட்டு. வெளிய தெரியக்கூடாது” என்றார். தாராளமாக என்றேன். டேப்பை எடுத்து இடுப்பளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் காபி டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது. குமாஸ்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அளவு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. கலரு மட்டும் நான் சொல்லுவேன்.”

மறுபடியும் பேண்ட்

பிரவீனின் முருகன் கைவிடவில்லை. கால் ஆறிவிட்டது. டாக்டர் இனிமேல் என்ன வேண்டுமானாலும் போடலாம் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. அந்த வெயிலில் பேண்ட்டுக்குள் காலை விட்டபோது, யாரோ என்னைச் சாக்கில் போட்டுக் கட்டுகிற மாதிரி இருந்தது. புண் இருந்தவரை எல்லோரிடமும் சொல்ல ஒரு காரணம் இருந்தது. இப்போது ஆசை மட்டும்தான் மிச்சம். ஆம்பளை ஒருத்தன் பாவாடை மேல் ஆசை என்று யாரிடம் போய்ச் சொல்வது? மெர்சியிடம்கூடச் சொல்லவில்லை. பாவாடையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் ஒரு கல்லூரிப் பேராசிரியை வீட்டுக்குப் போனேன். முன்பு பாவாடையோடு போய்வந்த வீடுதான். கதவைச் சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்து, யார் என்று கேட்டார். மெஷின் சர்வீஸ் என்றேன். அடையாள அட்டை கேட்டார், காட்டினேன். போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. கதவிடுக்கு வழியாகவே சொன்னார்: “எங்க வீட்டுக்கு எப்பவும் பாவாடை கட்டினவர்தான் வருவார். பேண்ட் போட்ட ஆளையெல்லாம் எப்படிங்க நம்பி உள்ள விடுறது?”

தலையில் ஊற்றிய தண்ணீர்

ஜெனியைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான். நான் பாவாடை போட ஆரம்பித்ததும், “முக்குலயே இறங்கிக்கிடுதேன்ப்பா” என்று தெருமுனையிலேயே இறங்கிவிடுவாள். அவள் நடந்து போவதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவேன். பேண்ட்டுக்குத் திரும்பியதில் எனக்கிருந்த ஒரே ஆறுதல், இனி வாசல்வரை போகலாம் என்பதுதான்.

அப்போதுதான் வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். ஒரு பிள்ளை ஜெனியைப் ‘பாவாடை மெக்கானிக் மவ’ என்று சொல்ல, இவள் பாட்டிலைத் திறந்து அவள் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். “சுத்தமான தண்ணிதான் மிஸ்” என்று வேறு சொல்லியிருக்கிறாள். நான் தேய்த்த பேண்ட்டும் சட்டையுமாகப் போய், டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் கண்டிப்பாகப் பேச முயன்று, நடுவில் சிரிப்பு வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஜெனி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கப்பா எங்க வந்தாலும் பாவாடையோடதான் வருவாருன்னு புள்ளைககிட்டச் சொல்லியிருக்கேன். இன்னைக்கும் அந்தப் பேண்ட்டயே மாட்டிக்கிட்டு வந்து நிக்கியளே!” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “உனக்குத்தான வெக்கமா இருக்கும்னு நெனச்சேன். நீ முக்குலயேல்லா இறங்குவ?” என்றேன். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “வெக்கமாத்தான் இருந்துச்சு. அது நம்ம வீட்டு விஷயம். அவ யாருப்பா சொல்லுததுக்கு?”

ஹெட் ஆபீஸ்

மறுநாள் பாவாடையைக் கட்டிக்கொண்டு நேராகப் பிரவீன் முன்னால் போய் நின்றேன். அவர் பதறி எழுந்தார். “அய்யோ, மறுபடியும் கால் புண்ணாயிருச்சுங்களா?” “இல்ல சார். நல்லா ஆறிப்போச்சு” என்றேன். “அப்புறம்?” என்றார். வழியெல்லாம் என்னென்னவோ பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அங்கே ஒன்றும் வரவில்லை. “எனக்குப் பிடிச்சிருக்கு சார்” என்றேன்.

பிரவீன் உட்கார்ந்தார். மெஷின் ரிப்பேர் என்று போன் பண்ணுகிறவர்களுக்கு என் பேர் செல்வின் என்பது தெரியாதாம். பாவாடை அண்ணாச்சியை அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறார்களாம். இவர் பேண்ட் போட்ட ஆளை அனுப்பினால், அந்த அண்ணாச்சி ஊரில் இல்லையா என்று விசாரிக்கிறார்களாம். அன்றுதான் அவர் முதல் தடவையாகக் காலண்டரை விட்டுவிட்டுப் பாவாடையை நேருக்கு நேராகப் பார்த்தார். பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “போட்டுக்கோங்ணா. ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் உங்களுக்குக் காய்ச்சல்னு வெச்சுக்குவோம்.”

மணி அடித்துப் பிழைக்கிற சகோதரர்களே, கதவு திறக்கும்போது நம் இடுப்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்திருப்பவர்கள், குழாய் ஒழுகுவது நின்ற நிமிஷத்தில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டுக் காபிக்குச் சீனி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.