கூல்மன் அணியின் ஒரே ரன்

நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர். அங்கே வெர்லின் கூல்மன் வயிற்றுப்பாட்டுக்குச் சோள விதை விற்றார். ஆத்ம திருப்திக்கு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் கற்றுக்கொடுத்தார். சிறுவயதில் எந்த அணியிலும் ஆடியதில்லை என்பதால், ஆட்டத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே கிடையாது.

பருவத்தின் முதல் சனிக்கிழமை உபகரண உபதேசம் நடக்கும். கையுறை எறிகிற கைக்கு அல்ல, மற்றக் கைக்கு. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அப்பாக்கள் வாங்கித் தரும் கையுறையில் முயல் குடித்தனம் நடத்தலாம், பந்து நிற்காது. மட்டையை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துப் பார். நுனி தொங்கினால் அது உன் அண்ணனுடைய மட்டை. தலைக்கவசம் இல்லாமல் அடிக்க நிற்காதே. பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவருக்கு முகமூடி, மார்புக்கவசம், முழங்காலுக்குக் கீழே தடுப்பு. இத்தனையும் சொன்ன வெர்லின் அரைக்கால் சட்டையில் வெறுங்காலைக் காட்டிக்கொண்டு நின்றார். கவசமெல்லாம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு.

அந்த வயதில் பிள்ளைகளுக்குப் பந்து போடுவது சொந்தப் பயிற்சியாளர்தான். அடிக்க வாகாகப் போடுவதுதான் வேலை. ஆனால் வெர்லின் போட்ட பந்துகளில் அந்தப் பருவம் முழுக்க ஒரு ரன்கூட வரவில்லை. கடைசி ஆட்டத்திலும் வராவிட்டால் அணி அவருடைய மச்சினி லோர்னாவுக்குப் போகும் என்று பெற்றோர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

கடைசி ஆட்டத்தில், எதிரணிப் பிள்ளைகள் பட்டாம்பூச்சி பார்த்த புண்ணியத்தில், ஓடிப்போய் நிற்கும் மூன்று பேஸிலும் கூல்மன் அணியினர் நின்றார்கள். அடுத்து வந்த ஹேட்லி கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினாள். பந்து நேராக வந்து வெர்லினின் வெறும் முழங்காலெலும்பில் இறங்கியது. அவர் மண்ணில் சாய்ந்தார்.

பந்து போடுகிற பயிற்சியாளர் மேல் பட்டால் ஆட்டம் நிற்கும். எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறலாம், மூன்றாவது பேஸில் நிற்கும் பிள்ளை சுற்றை முடித்துவிடும். அதாவது, ஒரு ரன். ஆனால் வேண்டுமென்றே மறித்திருந்தால் ரன் செல்லாது. வேலியோரம் ஹாட் டாக் சுட்டு விற்றுக்கொண்டிருந்த அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்த லோர்னா, வேண்டுமென்றே மறித்ததுதான் என்று சாதித்தாள். நடுவர் ஆர்லோ குனிந்தார்.

"பந்து வர்றத பாத்தியா, வெர்லின்?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்யா விலகல?"

வீரனாக மறித்தேன் என்று சொல்லிக்கொண்டால் பதவி போகும். மந்தம் என்று ஒப்புக்கொண்டால் மானம் போகும். வெர்லின் வானத்தைப் பார்த்தார்.

மடக்கு நாற்காலியை விட்டு எழாமலே அவர் மனைவி ஆர்லீன் சாட்சி சொன்னாள். "கல்யாணமான நாள்லேர்ந்து பாக்குறேன், ஆர்லோ. போன வருஷம் நான் காரை இவரு மேலயே பின்னால எடுத்தப்பவும் இந்த மனுஷன் இப்படித்தான் பாத்துக்கிட்டே நின்னாரு."

அந்தக் காரில் லோர்னாவும் இருந்தாள். அவளால் மறுக்க முடியவில்லை. வேலியோரம் நின்ற பாதி ஊர் தலையாட்டியது.

ரன் ஏறியது, பதவியும் தங்கியது. மனைவிக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று வெர்லின் யோசித்துக்கொண்டிருக்கையில், ரன் எடுத்த களிப்பில் அணி முழுவதும் ஓடிவந்து அவர்மேல் குவிந்தது. அவர்கள் வருவதைப் பார்த்ததும் அடிபட்ட காலையாவது அவர் மடக்கியிருக்கலாம். அதற்கும் நேரம் போதவில்லை.